வாடகைப் பாக்கி சேரும் முன்பே கதவைத் தட்டுங்கள்

"வீடு பெரிசென்றால் சின்ன வீட்டுக்கு மாறலாமே." பெட்ரூம் டாக்ஸ், அதாவது வீட்டில் கூடுதல் அறை இருக்கிறது என்று அரசின் வாடகை உதவியை வெட்டுவது, பற்றிப் பேச்செடுத்தாலே இதை யாராவது சொல்லிவிடுகிறார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சின்ன வீடு எங்கே இருக்கிறது? வட இங்கிலாந்தின் பல ஊர்களில் கவுன்சில்கள் (உள்ளூராட்சி சபைகள்) கட்டி வைத்திருப்பது பெரும்பாலும் குடும்ப வீடுகள். லண்டனிலோ ஒரு அறை வீட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

2013 ஏப்ரலில் பிரித்தானியாவில் இந்த வெட்டு வந்தது. கவுன்சில் வீட்டிலோ, லாப நோக்கில்லாமல் வீடு வாடகைக்கு விடும் ஹவுசிங் அசோசியேஷன் வீட்டிலோ, ஓய்வூதிய வயதுக்குக் கீழே உள்ளவரிடம் ஓர் அறை கூடுதலாக இருந்தால் வாடகை உதவியில் 14 சதவீதம் போய்விடும். இரண்டு அறை என்றால் 25 சதவீதம். வாரம் 140 பவுண்ட் வாடகைக்கு ஓர் அறை வெட்டு 19 பவுண்ட் 60 பென்ஸ், ஆண்டுக்கு ஆயிரத்தைத் தாண்டும். பத்து வயதுக்குக் கீழே அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் படுக்க வேண்டும் என்பது கணக்கு. கட்டில் போட்டால் கதவு திறக்காத சின்ன அறையையும் ஒரு பெட்ரூம் என்றே எண்ணிவிடுகிறார்கள்.

ஸ்கொட்லாந்து அரசு இந்த வெட்டை 2014 முதல் தன் பணத்தில் ஈடுகட்டி வருகிறது. அங்கே முடிகிறது என்றால் இங்கிலாந்தில் முடியாது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

சரி, சட்டம் மாறும் வரை என்ன செய்வது? என் கோபம் முழுக்க இந்த இடத்தில்தான். உதவி இருக்கிறது, ஆனால் கேட்பவருக்கு மட்டும்தான் கிடைக்கிறது. வாடகைக்குப் பணம் போதாதவர்களுக்கு டிஸ்கிரெஷனரி ஹவுசிங் பேமென்ட் என்று கவுன்சில்கள் கொடுத்து வந்தது அப்படி ஓர் உதவி. இங்கிலாந்தில் 2026 ஏப்ரலிலிருந்து அது புதிய நெருக்கடி நிதிக்குள் போகிறது. பெயர் எதுவானாலும் கவுன்சிலில் விண்ணப்பிக்க வேண்டும். ஆங்கிலத்தில் தடுமாறுபவரும், உடம்பு முடியாதவரும், கடிதத்தைப் பிரிக்கவே பயப்படுபவரும் கேட்பதே இல்லை.

கோயிலில் பழக்கமான ஒரு அக்கா. மகன் வேலைக்காக வேறு ஊர் போனதும் அவன் அறை 'கூடுதல் அறை' ஆகிவிட்டது. இந்த உதவிக்குத் தானே ஃபாரம் நிரப்பி அனுப்பினார், கவுன்சில் மறுத்துவிட்டது. பிரதியை வாங்கிப் பார்த்தேன். வாரச் சாப்பாட்டுச் செலவு 15 பவுண்ட் என்று எழுதியிருந்தார். பஸ் காசு இல்லை, கரண்ட், கேஸ் மீற்றருக்குப் போடும் காசு இல்லை, மருந்துக்கடைச் செலவும் இல்லை. அந்தக் கணக்குப்படி அவர் கையில் மாதாமாதம் பணம் மிஞ்சுகிறது! "இவ்வளவு செலவழிக்கிறன் எண்டு எழுதினால் என்ன நினைப்பினம் தம்பி?" என்று கேட்டார். வங்கிக் கணக்கை வைத்துக்கொண்டு வரி வரியாகத் திரும்ப எழுதினோம், மறுபரிசீலனை கேட்டோம். ஆறு மாதத்துக்குக் கிடைத்தது. அந்த ஃபாரத்தைப் பார்த்த அதிகாரி ஒரு ஃபோன் எடுத்துக் கேட்டிருந்தால் முதல் தடவையே முடிந்திருக்கும்.

வீட்டை வாடகைக்கு விடும் இந்த நிர்வாகங்களைத்தான் நான் அதிகம் குறை சொல்வேன். வாடகைக் கணக்கில் ஒரு வாரம் குறைந்தாலே அவர்கள் கணினியில் தெரிந்துவிடுகிறது. வழக்குப் போடும் முன் குடியிருப்பவரோடு பேச வேண்டும், பெனிஃபிட் (அரசு உதவித்தொகை) விண்ணப்பத்துக்கு உதவ வேண்டும் என்று நீதிமன்ற நடைமுறை விதியே சொல்கிறது. ஆனால் முதலில் வருவது மிரட்டல் கடிதம். முதல் வாரமே ஒருவர் வந்து கதவைத் தட்டி, உட்கார்ந்து, கிடைக்க வேண்டியதெல்லாம் கிடைக்கிறதா என்று பார்த்தால் எவ்வளவோ மாறும்.

பார்க்க வேண்டியவையும் நிறைய. 2016 இறுதியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, உடல்நிலை காரணமாக ஒரே அறையில் படுக்க முடியாத தம்பதிக்கும், இரவில் பராமரிப்பாளர் தேவைப்படும் மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கும் கூடுதல் அறைக்கு விதியில் இடம் வந்தது. இது தெரியாமல் வெட்டை ஏற்றுக்கொண்டு இருப்பவர்கள் இன்னும் இருக்கலாம். அப்புறம் பெனிஃபிட் கேப், அதாவது ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் மொத்த உதவித்தொகைக்கு ஒரு வரம்பு. 2023இல் லண்டன் குடும்பங்களுக்கு அதை ஆண்டுக்கு 25,323 பவுண்ட் என்று வைத்தார்கள். ஆனால் உங்களுக்கோ, துணைக்கோ, பிள்ளைக்கோ இயலாமைக்கான கொடுப்பனவு கிடைத்தால் அந்த வரம்பு பொருந்தாது. அப்பாவுக்கு நீரிழிவால் காலே போன வீட்டிலும் பிஐபி என்ற இயலாமைக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்காமல் இருக்கிறார்கள், 'நாங்கள் கையேந்தக் கூடாது' என்று. அது கையேந்தல் இல்லை, உங்கள் உரிமை. யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையில், இருபத்தொரு வயது நிறைந்த பிள்ளை வீட்டோடு இருந்தால் பொதுவாக அவர் பங்கு என்றும் வாடகை உதவியில் ஒரு தொகையைக் கழிப்பார்கள். இதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். பெற்றோர் தனியாகச் சுமந்து பாக்கி சேர்ப்பதை எத்தனையோ வீடுகளில் பார்க்கிறேன்.

கோயில்களுக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெற்றோர் வெளியே காத்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு மேசை போடுங்கள். இலவசமாக ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் ஆளை அழைத்து உட்கார வையுங்கள், மொழிபெயர்க்க நம் பிள்ளைகளில் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

யுனிவர்சல் கிரெடிட் முடிவு தவறு என்று பட்டால் மறுபரிசீலனை கேட்கப் பொதுவாக ஒரு மாதம்தான் தருவார்கள், கடிதத்தின் தேதியைப் பாருங்கள். வாசித்துச் சொல்ல ஆள் இல்லாதவர்கள் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள். வாடகை ஒப்பந்தம், கடைசி ஸ்டேட்மென்ட், மூன்று மாத வங்கிக் கணக்கு, மூன்றையும் எடுத்து வைத்திருங்கள். சாப்பாட்டுச் செலவை உள்ளபடி எழுதுங்கள்.