எல்ஒய் சேர்த்தால் மட்டும் போதுமா?
ஆங்கிலத்தில் பெயரடையோடு (அட்ஜெக்டிவ்) ‘எல்ஒய்’ (ly) சேர்த்தால் வினையடை (அட்வர்ப்) கிடைத்துவிடும் என்று ஆங்கில இலக்கணம் பற்றிய உங்கள் கட்டுரையில் இருக்கிறது. பாதி சரி. ‘ஹீ ஒர்க்ஸ் ஹார்ட்’ என்றால் கடுமையாக உழைக்கிறான். ‘ஹீ ஹார்ட்லி ஒர்க்ஸ்’ என்றால் வேலையே பார்ப்பதில்லை என்கிற மாதிரி. சிபாரிசுக் கடிதத்தில் மாறிப்போனால் வம்புதான்! ‘ஃப்ரெண்ட்லி’யோ வாலில் எல்ஒய் இருந்தும் பெயரடை.

அதைவிட, வினையடையை வாக்கியத்தில் எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் வினையடையைச் செருகக் கூடாது. ‘ஷீ ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்’ சரி, ‘ஷீ ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்’ தப்பு. ‘ஆல்வேஸ்’, ‘ஆஃபன்’ வகையறா பொதுவாக வினைக்கு முன்னால் வரும்: ‘ஹீ ஆல்வேஸ் கம்ஸ் லேட்’. ஆனால் ‘இஸ்’ வந்தால் அதற்குப் பின்னால் போய்விடும்: ‘ஹீ இஸ் ஆல்வேஸ் லேட்’. அடுத்த பகுதியில் இதையும் கொஞ்சம் விரிவாக எழுதுங்களேன்.