“மட்டையாயிட்டான், விடு, தூங்கட்டும்”

மாணவர் விடுதிகளில் அக்கறையோடுதான் இதைச் சொல்கிறார்கள். எனக்கு இதைவிடப் பயமான பேச்சு வேறில்லை. விழுந்த ஆளுக்குப் போர்த்திவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் மிச்சமிருப்பது ரத்தத்தில் கலந்துகொண்டேதான் இருக்கும். தூங்குகிற ஆளுக்குப் போதை இன்னும் ஏறலாம்.

40 சதவீத மது 30 மில்லியில் கிட்டத்தட்ட 10 கிராம் ஆல்கஹால். அதைக் கழிக்க ஈரலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். பந்தயம் கட்டி அரை மணியில் எட்டு ரவுண்டு ஏற்றினால் ஈரல் என்ன செய்யும்? காபியோ தலையில் ஊற்றும் தண்ணீரோ அதை வேகப்படுத்தாது.

இதன்மேல் கஞ்சா வேறு. குடித்துவிட்டுப் புகைத்தால், கஞ்சாவில் போதை தரும் டிஹெச்சி என்ற பொருள் ரத்தத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏறும். முகம் வெளுத்து, வியர்த்து, தலை சுற்றும். புற்றுநோய் சிகிச்சையில் வாந்தியை அடக்கக் கொடுப்பதும் இதே டிஹெச்சிதான். அதனால் உடம்பு வெளியே தள்ளவேண்டிய மது உள்ளேயே தங்கிவிடலாம். கஞ்சாவைத் தின்பண்டத்தில் கலந்து தின்றால் ஏற அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். ஒன்றுமே தெரியவில்லையே என்று இன்னொன்றைத் தின்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

விழுந்த ஆளைத் தோளை உலுக்கிக் கூப்பிடுங்கள். எழவில்லை, உதடு நீலம் பாய்ந்திருக்கிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது, நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்கும் குறைவு, இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து விநாடி இடைவெளி: இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மூச்சே இல்லையென்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவி வேண்டும். எப்படி என்று போனிலேயே சொல்வார்கள்.

மூச்சு இருந்தால், வண்டி வரும்வரை மல்லாக்கப் போடாதீர்கள். உங்கள் பக்கமுள்ள கையைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். எதிர்ப்பக்கத்துக் கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, புறங்கையைக் கன்னத்துக்கு அடியில் வையுங்கள். அதே எதிர்ப்பக்கத்து முழங்காலை மடக்கி, அதைப் பிடித்து உங்கள் பக்கம் ஒருக்களித்துப் புரட்டுங்கள். தலை சற்றே பின்னால் சாய்ந்து, வாய் தரையைப் பார்க்கவேண்டும். வாந்தி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் வெளியே வழிந்துவிடும். விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தனியே விட்டுப் போகவும் கூடாது.

மருத்துவர் கேட்டால், கஞ்சாவோ தூக்க மாத்திரையோ எடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கல்லூரி நிர்வாகங்களிடம் எனக்கு ஒரே கோரிக்கை. போன் செய்தால் வார்டனுக்குத் தெரிந்துவிடுமே என்று தயங்குகிற அந்தப் பத்து நிமிடத்தில்தான் உயிர் போகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2002-லேயே, உதவிக்குக் கூப்பிட்டவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்று விதி கொண்டுவந்தது. அதன்பின் அழைப்புகள் கூடின. அப்படி ஒரு வரியை உங்கள் விடுதி விதிகளிலும் சேர்த்துவிடுங்கள்.