ஈகிள் கப்பல் 1790-ல கட்டுனது இல்லைங்க

வெள்ளையா மூணு பாய்மரம், பக்கவாட்டுல ஆரஞ்சு பட்டை போட்ட ஒரு கப்பல் படத்தோட, "கடத்தலைப் பிடிக்க அமெரிக்கா 1790-ல கட்டின சுங்கக் கப்பல், இன்னும் ஓடுது"ன்னு ஒரு ஃபார்வர்ட் சுத்துது. இது தப்புங்க.

படத்துல இருக்கிறது அமெரிக்க கோஸ்ட் கார்டோட (கடலோரக் காவல்படை) பயிற்சிக் கப்பல் ஈகிள். 1936-ல ஜெர்மனியோட ஹாம்பர்க்ல, ப்ளோம் அண்ட் வாஸ்ங்கற கப்பல் கட்டுற தளத்துல கட்டுன எஃகுக் கப்பல், அப்போ அதுக்கு நாஜிக்காரன் ஒருத்தன் பேரு, ஹார்ஸ்ட் வெஸ்ஸல். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு 1946-ல நஷ்டஈடா அமெரிக்கா கைக்கு வந்துச்சு.

1790 கதை முழுப் பொய்யும் இல்ல. அந்த வருஷம் ஆகஸ்ட் 4-ல, அப்போ அமெரிக்க நிதியமைச்சரா இருந்த ஹாமில்டன் கேட்டபடி 10 சுங்கப் படகு கட்ட சட்டம் போட்டாங்க. எல்லாம் சின்ன மரப்படகு. சட்டப்படி ஒரு படகுக்கு ஒரு கேப்டன், மூணு மேட் (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) வரைக்கும், நாலு மாலுமி, ரெண்டு பையன், அவ்ளோதான், இந்த ஆளுங்கதான் துறைமுகத்துக்கு வர்ற கப்பல்ல ஏறி சரக்குப் பட்டியலைப் பார்த்து, சரக்கறை மூடிக்கு சீல் வைக்கணும். எனக்கு இந்த நிஜக் கதைதான் ரொம்பப் பிடிக்கும். அந்தப் பத்துல மாசசூசெட்ஸ்ங்கற படகை 1792-லயே வித்துட்டாங்க. ஜார்ஜியா மாகாணத்துக்குன்னு கட்டுன படகுக்கும் ஈகிள்னுதான் பேரு, குழப்பம் அதுலேர்ந்து வந்திருக்கலாம்.

கோஸ்ட் கார்ட் வரலாற்றுப் பிரிவோட இணையதளத்துல ரெண்டு ஈகிளும் தனித்தனியா இருக்கு, பாருங்க. தயவுசெஞ்சு அந்த மெசேஜை இனி அனுப்பாதீங்க, ஏற்கெனவே போட்ட குரூப்ல இதைப் போட்டுடுங்க.