எத்தனை தடவைதான் பாஸ்வேர்ட் கேட்கும் இந்த ரிமோட் டெஸ்க்டாப்?

'நினைவில் வை' என்று டிக் போட்டால் நினைவில் வைக்க வேண்டாமா? மலேசியாவின் சுங்கை சிப்புட் எஸ்டேட் ஆபீசில் உட்கார்ந்து, தூரத்துக் கணினியைத் திறக்கும் அந்த விண்டோஸ் வசதி வழியாக எடைமேடைக் கணினிக்குள் நுழையப் போனால் மறுபடியும் பாஸ்வேர்ட்! டீ குடித்துவிட்டு வந்தால் கேட்கிறது. மழையில் லைன் போய் வந்தால் கேட்கிறது.

கணினியின் பெயரில் சேமித்து வைத்தால் அதன் நெட்வொர்க் முகவரியான ஐபி எண்ணில் நுழையும்போது விண்டோசுக்கு அது வேற்றாள். ஒரே பெட்டிதானே ஐயா! பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவை திருடு போகாமல் காக்கும் கிரெடென்ஷியல் கார்ட் ஓடினால் சேமித்ததை ரிமோட் டெஸ்க்டாப் ஏற்காது. விண்டோஸ் 11 என்டர்பிரைஸில் 22எச்2 பதிப்பு முதல், தகுதியுள்ள கணினிகளில் அது தானாகவே ஓடுகிறது. அப்புறம் எதற்கு அந்த டிக்?

சம்பளக் காலம் முடிந்த 7ஆம் நாளுக்குள் சம்பளத்தைக் கொடுக்கச் சொல்கிறது மலேசியாவின் 1955 வேலைச் சட்டம். எடைக் கணக்கோ அந்தக் கணினிக்குள்! செம்பனைக் குலை வெட்டியவர் காத்திருக்கிறார். ஆபீஸ் எழுத்தரான கிராணியம்மா பாஸ்வேர்டைத் தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிட்டார். பாவம், வேறென்ன செய்வார்?