காசிமேட்டில் சூரியன் கடலில் விழாது

போன வாரம் ஒரு தம்பி தன் சிறுகதையை அனுப்பி, படித்துவிட்டுச் சொல்லுங்க அக்கா என்றான். தாம்பரம் பக்கத்துப் பையன். நிறைய வாசிப்பவன், எழுத்துக்காக உழைப்பவன். கதை நடக்கும் இடம் காசிமேடு, வடசென்னையின் மீன்பிடித் துறைமுகப் பகுதி. முதல் பத்தியிலேயே சூரியன் கடலுக்குள் இறங்கிவிட்டது. அடுத்து கருவாட்டு நாற்றம், குறுகலான சந்து, எங்கிருந்தோ ஒரு குடிகாரனின் கூச்சல், இடுப்பில் கத்தியோடு ஒருவன். "இனம்புரியாத அச்சம் அங்கே கவிந்திருந்தது" என்று அந்தப் பத்தி முடிகிறது.

நான் பிறந்து வளர்ந்தது அந்தக் கடலுக்கு ஐந்து நிமிட நடையில். எங்களுக்குச் சூரியன் கடலிலிருந்து வரும். போவது கொருக்குப்பேட்டைப் பக்கம், ரயில் பாதைகளுக்குப் பின்னால். சாயங்காலம் கரையில் நின்றால் சிவப்பெல்லாம் முதுகுப்பக்கம் இருக்கும், கண்ணெதிரே கடல் கறுத்துக்கொண்டு வரும். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களில் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். கடலுக்குப் போனவனை எதிர்பார்க்கிற ஒருத்தியை அந்த நேரத்தில் அங்கே நிறுத்தினால் போதும், அச்சம் என்ற சொல்லே வேண்டாம். தம்பி அதைத் தவறவிட்டான். யாரோ ஏற்கெனவே செய்துவைத்த காசிமேட்டை எடுத்து எழுதியிருந்தான்.

மெசஞ்சரில் அவனுக்கு நாலு வரி எழுதினேன். போதவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

கதையில் ஒரு மனநிலையை எப்படி உண்டாக்குவது என்பதற்கு நம்மிடம் மிகப் பழைய விடை ஒன்று இருக்கிறது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அந்த நிலத்து மரம், பறவை, உணவு, தொழில், பறை எல்லாம் கருப்பொருள். மனசில் நடப்பது உரிப்பொருள். கடற்கரை நிலமான நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல், அதாவது பிரிவில் ஏங்கி வருந்துவது. சிறுபொழுது எற்பாடு, அதாவது வெயில் சாயும் நேரம். பள்ளிக்கூடத்தில் இதை அட்டவணையாக மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோம். எழுத ஆரம்பித்த பிறகுதான் அதில் இருக்கும் கைவேலை எனக்குப் பிடிபட்டது. தலைவி ஏங்குகிறாள் என்று நாம் அறிவதற்குள் புன்னை மரமும் உப்பங்கழியும் சாய்கிற பொழுதும் நம்மைச் சூழ்ந்துவிடுகின்றன. கேட்பவரின் மனசு இளகிய பிறகே அவள் வாயைத் திறக்கிறாள்.

ஆனால் நிலமும் பொழுதும் மனசும் இப்படிச் சேர்கிற திணை என்பது வழக்கமும்கூட. புன்னை என்றதுமே நெய்தல் என்று அன்று கேட்டவர்களுக்குத் தெரியும். இன்றைக்கு வடசென்னைக்கும் அப்படி ஒரு திணையைச் சினிமாவும் செய்தித்தாளும் சேர்ந்து கட்டிவைத்திருக்கின்றன. நிலம் சந்து, பொழுது நள்ளிரவு, கருப்பொருள் கத்தியும் கேரம் போர்டும் கஞ்சாவும், உரிப்பொருள் பகை. இதை வைத்து எழுதினால் வாசகர் தனக்கு முன்பே இருந்த பயத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். இங்கே வாழ்கிற ஒரு ஆளைக்கூடச் சந்தித்திருக்க மாட்டார். எனக்கு இது இலக்கியப் பிரச்சினை மட்டும் இல்லை. வேலைக்கான நேர்காணலில் என் முகவரியைப் படித்துவிட்டு ஒரு கணம் நிமிர்ந்து பார்த்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

வாடையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மீன் வாடை அடிக்கும். அங்கேயே கிடப்பவருக்கு அடிக்காது, மூக்கு எப்போதோ பழகிவிட்டது. அவருக்கு உறைப்பது வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் டீசல் வாடை குறைந்து பெயின்ட் வாடை வரும், ஏனென்றால் படகுகளைப் பழுது பார்ப்பார்கள். ஐஸ் உடைக்கிற சத்தம் அடங்கிவிடும். ஃபைபர் படகுகள் போய்வந்தாலும் ஏலக்கூடத்தில் பழைய கூட்டம் இருக்காது. தினமும் இரண்டு மணிக்கு எழுந்து பழகிய உடம்பு அன்றும் இரண்டு மணிக்கே விழித்துக்கொள்ளும். போக இடமில்லாமல் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார் மனிதர். ஒரு வீட்டில் கடன் ஏறிக்கொண்டே போவதை எழுத நினைப்பவருக்கு, அந்தப் பெயின்ட் வாடையும் அந்த வாசற்படியும் எவ்வளவு தரும்!

பயத்தைத்தான் எழுத வேண்டும் என்றால் அதுவும் இங்கே இருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு. எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக வீட்டைவிட்டு ஓடினார்கள். கத்தியே இல்லாத இரவு அது. அதை எழுதுகிறவர் நாற்றத்தை வர்ணிக்க வேண்டாம். ஒரு வீட்டில் முதலில் யார் விழித்தார், எந்தப் பிள்ளையை முதலில் தூக்கினார் என்று அந்த வரிசையை விடாமல் எழுதட்டும்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். கூண்டுக்கு 1 முதல் 11 வரை எண் உண்டு. எங்கள் தெருவில் யாரும் புயல் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. காலையில் "மூணு ஏத்திக்கிறான்" என்றார்கள், சாயங்காலம் "அஞ்சு" என்றார்கள். சித்தப்பா போன படகு திரும்பவில்லை. ஆயா, எங்கள் பாட்டி, அழவில்லை, சாமிக்கு வேண்டிக்கொள்ளவும் இல்லை. சித்தப்பா வந்தால் குளிக்க வெந்நீர் வைத்தாள். அது ஆறியது. மறுபடி சூடுபண்ணினாள். ரேஷன் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்க்கிறவள். மூன்றாவது தடவை ஸ்டவ்வை பம்ப் அடித்தபோது அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சொல்லாமல் உள்ளே போய், கடைசி டப்பாவை எடுத்துவந்து நீட்டினாள். ஆயா நிமிர்ந்து, "இன்னாமே" என்றாள். அவ்வளவுதான். சித்தப்பா மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தார், பழவேற்காட்டில் ஒதுங்கியிருந்தார்களாம். அந்த ராத்திரி காற்று எப்படி அடித்தது என்று கேட்டால் எனக்கு நினைவில்லை. அந்த ஸ்டவ்வின் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

'இன்னாமே'வைக் கதையில் தூவினால் ஊர் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆயா அதைச் சிரித்துக்கொண்டும் சொல்வாள், சண்டையிலும் சொல்வாள். அன்று அவள் சொன்னது இரண்டும் இல்லை. ஆறிய வெந்நீரும் கடைசி டப்பாவும் முன்னால் வந்திருக்காவிட்டால் அந்த ஒரு சொல்லால் எதையும் தாங்கியிருக்க முடியாது.

இன்னொன்று, நம் மொழியே இதற்குக் கொடுத்திருக்கிற கருவி. துணைவினை. 'மழை பெய்தது' என்றால் செய்தி. 'பெய்துகொண்டே இருந்தது' என்றால் வியாசர்பாடியில் யாரோ அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றுகிறார்கள். 'பெய்து தொலைத்தது' என்றால் ஒருவருக்குக் கூலி போயிற்று. 'பெய்து முடித்தது' என்றால் கதவு திறக்கிறது. மழை ஒன்றேதான், யார் நனைந்தார் என்பது வினையின் வாலில் வந்து ஒட்டிக்கொள்கிறது. இத்தனை நுட்பம் கையில் இருக்கும்போது 'பயங்கரமான', 'மர்மமான', 'சோகமான' என்று பெயரடைகளை அடுக்குவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. உண்மையான வருத்தம். நல்ல கதைகள் அதனால் வீணாகின்றன.

வெளியூர்க்காரர்கள் வடசென்னையை எழுதக்கூடாது என்று நான் சொல்லவே இல்லை. தாம்பரத்துப் பையனின் கண்ணுக்கு மட்டும் படுவது ஏதாவது இருக்கும், அது எனக்கு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கு அவனை வரச்சொன்னேன். வந்தான். ஏலம் சூடு பிடித்திருந்தது. சங்கரா மீனும் காரப்பொடி மீனும் கூறு கூறாகக் கொட்டிக்கிடந்தன, அன்னக்கூடையைத் தலையில் வைத்த அம்மாக்கள் "தம்பி, தள்ளு" என்று அவனை இடித்துக்கொண்டு போனார்கள். "எதை எழுதிக்கணும்க்கா?" என்று நோட்டோடு நின்றான். நோட்டை உள்ளே வை, ஒரு கூடையைப் பிடி என்றேன். தெரிந்த ஒரு அக்காவுக்காக ஆட்டோ வரைக்கும் மூன்று நடை தூக்கினான்.

நேற்று இரவு புது வரைவு வந்திருக்கிறது. முதல் வரி இப்படி: "செருப்புக்குள் ஐஸ் தண்ணீர் புகுந்ததும் அவனுக்கு வீட்டு ஞாபகம் வந்தது." மீதியை இன்னும் படிக்கவில்லை. பிள்ளைகள் தூங்கினதும் படிக்கப்போகிறேன்.