ஆர்சிபி நண்பர்களே, மன்னிச்சுக்கோங்க

சென்னையில் இருந்தவரை ஆர்சிபி ரசிகர்களைக் கலாய்ப்பதை ஒரு கடமையாகவே செய்து வந்தேன். ‘ஈ சாலா கப் நம்தே’ (இந்த வருஷம் கப் நமக்குத்தான்) என்று அவர்கள் ஆரம்பித்தால் போதும், மே மாதத்துக்கான மீமை அன்றைக்கே தயார் செய்து வைத்துவிடுவேன். அந்தப் பாவம் சும்மா விடுமா? வேலைக்கென்று சியாட்டில் வந்து சேர்ந்தேன். குடிவந்த ஊர் என்ற பாசத்தில் பேஸ்பால் பார்க்கப் போய், ஊர் அணியான மரைனர்ஸின் ரசிகனாகிவிட்டேன்.

அமெரிக்க பேஸ்பாலின் பெரிய போட்டியான மேஜர் லீகில் 30 அணிகள். வேர்ல்ட் சீரீஸ் என்கிற இறுதிச் சுற்றை ஒருமுறைகூட மிதிக்காத அணி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. 1977இல் ஆட வந்த எங்கள் அணி. ஆர்சிபியாவது கப் அடிப்பதற்கு முன்பே மூன்று ஃபைனல் ஆடியது.

சரி, மட்டமான அணியா என்றால் அதுவும் இல்லை. 2001இல் 162 ஆட்டங்களில் 116 வெற்றி. சிகாகோ அணியான கப்ஸ் 1906இல் வைத்த சாதனையை எட்டிப் பிடித்தார்கள். அப்புறம் ப்ளேஆஃபில் நியூயார்க் யாங்கீஸிடம் 4-1 என்று தொடரைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அடுத்த ப்ளேஆஃபைப் பார்க்க 2022 ஆகிவிட்டது. நடுவில் ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸ் என்று ஒரு பிட்சர், அதாவது பந்துவீச்சாளர், இருந்தார். 2012இல் ஓர் ஆட்டத்தில் வந்த 27 பேரையும் ஒருவரைக்கூட பேஸில் ஏறவிடாமல் அவுட்டாக்கியவர். 15 சீசன் இங்கேயே ஆடினார். ப்ளேஆஃபில் ஒரு பந்துகூட வீசாமல் போய்விட்டார். எனக்குக் கோப்பையைவிட இதுதான் ஆறவில்லை.

2022 அக்டோபர் 15, சனிக்கிழமை. 2001க்குப் பிறகு எங்கள் மைதானத்தில் முதல் ப்ளேஆஃப் ஆட்டம். ஹூஸ்டனிடம் ஏற்கெனவே இரண்டு தோற்றாகிவிட்டது, இதையும் விட்டால் கதை முடிந்தது. மகளையும் புளியோதரை டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனேன். வழக்கமாக 9 இன்னிங்ஸ். ஐந்தாவதிலேயே டப்பா காலி. ஒன்பது முடிந்தும் 0-0. பன்னிரண்டு, பதினைந்து, பதினேழு, இன்னும் 0-0. மகள் என் மடியில் தூங்கி, எழுந்து, “இன்னும் யாருமே ஒண்ணுகூட எடுக்கலையாப்பா?” என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கினாள். 18ஆவது இன்னிங்ஸில் ஹூஸ்டனின் ஜெரமி பேன்யா ஒரு ஹோம் ரன் அடித்தார், நம்ம ஊர் சிக்ஸர் மாதிரி. 1-0. ஆறு மணி நேரம் 22 நிமிட ஆட்டம் அவ்வளவுதான். தூங்குகிறவளைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். கூட்டத்தில் திட்டக்கூட யாருக்கும் தெம்பில்லை.

தோல்வி பழகிவிடும். 162 ஆட்டம் ஆடுகிற விளையாட்டில் வாரம் இரண்டு மூன்று தோற்பது சாப்பாட்டில் கல் மாதிரி, துப்பிவிட்டு மேலே சாப்பிடலாம். எரிச்சல் வருவது வேறு இடத்தில். 2023இல் 88 வெற்றி, ஒரே ஓர் ஆட்ட வித்தியாசத்தில் ப்ளேஆஃப் போச்சு. சீசன் முடிந்ததும் அணியை நடத்துகிறவர் வந்து, பத்து வருஷம் 54 சதவீத ஆட்டங்களை வென்றுகொண்டிருந்தால் வேர்ல்ட் சீரீஸ் தானாக வரும் என்கிற மாதிரி கணக்குச் சொன்னார். ஐயா, 162இல் 88 என்பதே 54 சதவீதம்தான்! பின்னால் வருத்தம் தெரிவித்தார், அது வேறு. எப்படியும் வந்து உட்காருவார்கள் என்ற நினைப்பு இருந்தால்தான் ரசிகனிடம் இப்படிப் பேச வரும். விசுவாசமாக இருக்கிறோம் என்பதற்காகக் கேள்வி கேட்கக் கூடாதா என்ன?

2025இல் கால் ராலி 60 ஹோம் ரன் அடித்தார். விக்கெட் கீப்பர் மாதிரி பின்னால் நின்று பந்தைப் பிடிக்கிற ஒரு கேட்சர் இவ்வளவு அடித்ததே கிடையாது. ஜெயித்தால் வேர்ல்ட் சீரீஸ் என்கிற தொடரில் டொராண்டோவுடன் ஏழாவது, கடைசி ஆட்டம், ஏழாவது இன்னிங்ஸ், 3-1 என்று நாங்கள் முன்னிலை. இன்னும் எட்டே அவுட். வீட்டில் யாரும் இடம் மாறி உட்காரக் கூடாது என்று உத்தரவே போட்டிருந்தேன். டொராண்டோவின் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் அடித்த பந்து இடது பக்கம் பறந்தது, ஹோம் ரன். மூன்று ரன். 4-3. அப்படியே முடிந்தது. டிவியை மகள்தான் அணைத்தாள்.

ராத்திரி ஃபோன் அதிர்ந்தது. பெங்களூரு நண்பன். நான் வருஷக்கணக்காக மீம் அனுப்பிய அதே ஆள், ஜூனில் அவன் அணி கப் அடித்தபோது நான் வாழ்த்துக்கூடச் சொல்லவில்லை. மரைனர்ஸ் லோகோவுக்குக் கீழே ஒரே வரி: ‘ஈ சாலா கப் நம்தே.’

‘லேட்டா சொல்றேன், வாழ்த்துகள்டா’ என்று பதில் போட்டேன்.