மயோனைஸ் குளியலும் மருத்துவமனை ஆட்டமும்

டிசம்பர் பாதி தாண்டிவிட்டால் போதும், இங்கே டெக்சஸில் எப்போது டிவியைப் போட்டாலும் ஏதாவது ஒரு பவுல் கேம் ஓடிக்கொண்டிருக்கும். கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் சீசன் முடிந்த கையோடு நடக்கும் ஆட்டங்கள், 40 வரைக்கும் தேறும், பெரும்பாலும் ஒரு கம்பெனி பெயரோடு. மயோனைஸ் கம்பெனி பெயரில் டியூக்ஸ் மேயோ பவுல் என்று ஒன்று. ஜெயித்த அணியின் கோச்சை உட்காரவைத்து அவர் தலையில் வாளி நிறைய மயோனைஸைக் கவிழ்ப்பார்கள். அதற்கு அவர் தலையைக் கொடுத்தால், அவர் கைகாட்டும் தொண்டுக்கு 10,000 டாலர். நானும் சிரித்துக்கொண்டேதான் பார்க்கிறேன். ஆனால் அந்த வீடியோவால் கம்பெனிக்குக் கிடைக்கும் விளம்பரத்துக்கு முன்னால் 10,000 டாலர் எம்மாத்திரம்?

இதைச் சொன்னால் ஆபீஸில் சண்டைக்கு வருகிறார்கள். ஏதோ நல்லது நடக்கிறதே, உனக்கென்ன என்று. நல்லது நடக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் தொண்டு என்ற பெயரில் வரிவிலக்கு வாங்கிக்கொண்டு, அரிசோனாவில் ஃபியஸ்டா பவுல் நடத்தியவர்கள் தங்கள் தலைவரின் 50-வது பிறந்தநாளுக்கு 33,000 டாலர் செலவழித்தது 2011-இல் அவர்களே வெளியிட்ட விசாரணை அறிக்கையில் இருக்கிறது. ஸ்ட்ரிப் கிளப் பில்கூட அதில் உண்டு. தலைவரின் வேலை போனது, பின்னால் ஜெயிலுக்கும் போனார். அதிலிருந்து எந்த பவுல் கேமிலாவது தொண்டு என்ற வார்த்தை காதில் விழுந்தால், முதலில் வந்தது ஆட்டமா தொண்டா என்றுதான் பார்க்கிறேன்.

அப்படிப் பார்த்தால் எனக்குப் பிடித்தது ஈஸ்ட்-வெஸ்ட் ஷ்ரைன் பவுல். இது கல்லூரிக்கும் கல்லூரிக்கும் நடக்கும் போட்டி இல்லை. கல்லூரி ஆட்டத்தை முடித்த நல்ல வீரர்களைப் பொறுக்கியெடுத்து கிழக்கு, மேற்கு என்று இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிடுவது. 1925 டிசம்பர் 26 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆரம்பித்தார்கள். ஷ்ரைனர்ஸ் என்று ஒரு சங்கம், ஊர்வலங்களில் குஞ்சம் வைத்த சிவப்புக் குல்லாவோடு குட்டிக் கார் ஓட்டிக்கொண்டு வருவார்களே, அந்தப் பெரியவர்கள்தான். பார்க்கக் கொஞ்சம் கோமாளித்தனமாக இருக்கும். அந்த ஆட்கள்தான் 1922-இல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் குழந்தைகளுக்கான ஒரு மருத்துவமனையைத் திறந்தார்கள். போலியோ ஊரையே நடுங்கவைத்த காலம். கால் வளைந்த, சூம்பிய பிள்ளைகளுக்கு இலவச சிகிச்சை. மூன்று வருஷம் கழித்து, அந்த மாதிரி மருத்துவமனைகளுக்குப் பணம் சேர்க்கத்தான் இந்த ஆட்டம். ஆட்டத்தை முதலில் வைத்து அப்புறம் தொண்டைத் தேடவில்லை. எனக்கு அந்த வரிசைதான் முக்கியம்.

பின்னாளில் ஜனாதிபதியான ஜெரால்டு ஃபோர்டு 1935-இல் இதில் ஆடியிருக்கிறார். பின்னாளில் பெரிய நட்சத்திரமான டாம் பிரேடி 2000-இல் ஆடினார், சில மாதம் கழித்து, என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகின் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகப் பொறுக்கும் டிராஃப்டில் 199-வது ஆளாகப் போனார். 2022-இல் ஆடிய பிராக் பர்டி 262-வது, அந்த வருஷத்தின் கடைசி ஆள். ஆள் தேடி வரும் என்எஃப்எல் ஸ்கவுட்கள் அதிகம் பார்ப்பது ஆட்டத்தைவிட அதற்கு முந்தைய வாரப் பயிற்சியைத்தான். யார் ஜெயித்தார்கள் என்பது ஒரு வாரம் கழித்துக் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இவர்களுடைய பழைய வாசகம் ஒன்று: பலவீனமான கால்கள் நடக்கட்டும் என்று பலமான கால்கள் ஓடுகின்றன. நம்மூரில் போலியோ காலிப்பர் போட்டு வகுப்புக்கு வந்த பிள்ளைகளோடு படித்தவன் என்பதால் எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. யாருடைய கால் பலம், யாருடையது பலவீனம்? 2016 ஜனவரி 1, அதே ஃபியஸ்டா பவுலில், நோட்டர்டேம் பல்கலைக்கழக அணியின் ஜெய்லன் ஸ்மித்துக்கு முழங்கால் தசைநார் கிழிந்து நரம்பும் அடிபட்டது. டிராஃப்டில் முதல் சில பேருக்குள் போவார் என்று எல்லாரும் சொன்ன பையன். பாதத்தைத் தூக்க முடியவில்லை. ஒரு வருஷம் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, என்எஃப்எல்லில் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணிக்காக இறங்கியபோது காலில் பிரேஸ் போட்டுக்கொண்டுதான் ஆடினார். பலமான கால் என்பது அடுத்த ஆட்டம் வரைக்கும்தான்.

சரி, இந்த ஆட்டத்தின் காசில்தான் மருத்துவமனைகள் ஓடுகின்றனவா என்றால், இல்லை. அவர்களிடம் பெரிய நிதி இருக்கிறது. 2008 சந்தைச் சரிவில் அது சுமார் 800 கோடி டாலரிலிருந்து 500 கோடிக்கு இறங்கி, ஆறு மருத்துவமனைகளை மூடிவிடலாமா என்று 2009-இல் சான் அன்டோனியோவில் கூடி ஓட்டுப் போட்டார்கள். மூட வேண்டாம் என்று முடிவானது. அப்புறம் 2011-இலிருந்து இன்ஷூரன்ஸ் இருப்பவர்களிடம் அதை வாங்க ஆரம்பித்தார்கள், கட்ட முடியாதவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை. இந்தக் கணக்கில் ஒரு ஆட்டத்தின் டிக்கெட் காசு கடலில் கரைத்த பெருங்காயம். அப்புறம் எதற்கு ஆட்டம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் கணக்கில் பதில் இல்லை, பார்த்ததைத்தான் சொல்ல முடியும்.

2024 பிப்ரவரி 1, வியாழக்கிழமை, ஃபிரிஸ்கோவில் நடந்தது. கவ்பாய்ஸ் பயிற்சி செய்யும் ஃபோர்டு சென்டர், 12,000 பேர்தான் கொள்ளும். ஆபீஸ் முடிந்து நேராகப் போய்விட்டேன். ஒரே அணிக்கு ஒரே ஜெர்சி, ஆனால் தலையில் அவரவர் கல்லூரி ஹெல்மெட், கலர் கலராக. ஆட்டத்துக்கு முன்னால் கீழே தடுப்புக் கம்பி ஓரமாக எட்டு ஒன்பது வயசுப் பையன் ஒருவன், முழங்கால் வரைக்கும் பிளாஸ்டிக் பிரேஸ். ஒரு வீரன் வந்தான், சரியான மலை மாதிரி. எங்கே போடட்டும் என்று கேட்க, பையன் காலை நீட்டினான். அந்த மலை மண்டிபோட்டு மார்க்கரால் பிரேஸின் மேலே பெரிதாகக் கையெழுத்துப் போட்டது. பையன் குனிந்து பார்த்துவிட்டு, தலைகீழாக இருக்கிறது என்றான் கோபமாக. உனக்கில்லை, எதிரே வருகிறவர்கள் படிக்க, என்றான் அவன்.

பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். அப்புறம் மற்ற காலின் ஷூவையும் நீட்டினான், இதில் எனக்கு என்று.